ஈரச் சாக்கு வந்த வழி

அந்தச் சாக்கில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒன்று எலி கடித்தது, ஓரமெல்லாம் பிசிறு. ஒன்று மூட்டை தூக்குகிறவரின் கொக்கி குத்தியது. நூல் அறாமல் விலகி மட்டும் இருந்தது. இன்னொன்று நெருப்பு தின்றது. ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவு, சுற்றிலும் கறுப்பு வளையம். கல்வராயன் மலையில் ஒரு பள்ளி முற்றத்தில், பக்கெட் தண்ணீருக்குள் சாக்கை அமுக்கிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினார். "இது போன பள்ளிக்கூடத்துல ஆனது. அவசரத்துல சரியா நனைக்காம போட்டுட்டோம். பாத்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் தின்னுடுச்சு?"

பிள்ளைகளின் கண் சாக்கில் இல்லை. சிவப்பு வண்டியிலும் ஏணியிலும் சுருட்டி வைத்த குழாயிலும் இருந்தது. கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர் என்று வளைந்து வளைந்து ஏறி வந்த வண்டி அது. இறங்கியதும் ஒருமுறை சைரன் அடித்துக் காட்டியதில் ஒன்றாம் வகுப்பே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்கோ கண் சாக்கைவிட்டு நகரவில்லை. வண்டி மாலையில் இறங்கிப் போய்விடும். ஏணியும் குழாயும் அதோடு போய்விடும். இந்தப் பிள்ளைகளில் யார் வீட்டிலாவது நாளை அடுப்படியில் தீப்பிடித்தால் கைக்கு எட்டுவது இந்தச் சாக்கு ஒன்றுதான். அது எங்கே பிறந்து, எப்படி இந்த மலை ஏறியது என்று அன்றிலிருந்தே கேட்க ஆரம்பித்தேன்.

பிறந்தது தண்ணீரில். சணல் விளைவது பெரும்பாலும் வங்காளத்தில், அடுத்து பீகாரிலும் அசாமிலும். கோடையின் முதல் மழைகளோடு விதைத்தால் நான்கு மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். அறுத்துக் கட்டுக்கட்டாகக் குளத்திலோ வாய்க்காலிலோ அமிழ்த்தி, மேலே பாரம் வைத்து இரண்டு மூன்று வாரம் ஊறப்போடுவார்கள். தண்டின் மேல்தோல் அழுகி, நார் தனியே விடும் பதம் வந்ததும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தண்டைத் தட்டி, நாரை உருவி, அலசி எடுப்பார்கள். மூங்கில் கொடியில் உலரும்போது அந்த நாருக்குப் பொன் நிறம். உருவுகிறவர்களின் கைகால் நாள் முழுக்க அழுகல் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். சாக்கு என்றால் நமக்கு வறண்ட, தூசி பறக்கும் பொருளாகத்தான் நினைவு வருகிறது. அதன் முதல் வேலையோ நீரில் ஊறுவது. மலைமேல் பக்கெட்டில் ஊறியபோது அது பழகிய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

நார் போய்ச் சேரும் இடம் ஹூக்ளி ஆற்றங்கரை ஆலைகள். 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. அதற்கு முன்பே ஸ்காட்லாந்தின் டண்டி நகரம் வங்காளச் சணலை வாங்கித் திமிங்கில எண்ணெய் விட்டு மென்மையாக்கி நெய்துகொண்டிருந்தது. அந்த எண்ணெய் வாசனையும் காலமும் போய்விட்டன. உணவு தானியத்துக்கான சாக்குக்கு இப்போது தாவர எண்ணெய். 1987இல் வந்த சட்டத்தின்படி அரசு கொள்முதல் செய்யும் தானியம் சணல் சாக்கில்தான் போக வேண்டும். அந்த ஆலைகளும் அவற்றை நம்பிய குடும்பங்களும் பிழைத்துக் கிடப்பது இந்த ஒரு விதியால். பெயரைப் பொறுத்தவரை உலகம் நம் பக்கத்துச் சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் கன்னி பேக் என்பது கோணியின் உறவுதான்.

கள்ளக்குறிச்சிச் சீமைக்கு அது காலியாகத்தான் வருகிறது, கட்டுக்கட்டாக, இறுக்கிப் பிணைத்து. சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர்ப் பக்கம் அறுப்பு முடிந்து களம் நிறையும்போது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கட்டுப் பிரிப்பார்கள். நீலக் கோடு ஓடும் புதுச் சாக்கு. அதன் எடை 580 கிராம். இந்த எண்ணைச் சொன்னால் நெல் போட்ட எந்த விவசாயிக்கும் தெரியும். 40 கிலோ நெல்லுக்குத் தராசில் 40 கிலோ 580 கிராம் காட்ட வேண்டும். அதற்குமேல் ஒரு பிடி ஏறினாலும் அது அவர் வயிற்றிலிருந்து போவது. சாக்கின் எடையை இவ்வளவு துல்லியமாக மனப்பாடம் செய்துவைத்திருக்கிற மக்கள் வேறெங்கும் உண்டா தெரியவில்லை. சாக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் களத்தில் நெல் நனையும். 2020 ஊரடங்கில் வங்காள ஆலைகள் மூடிக் கிடந்தபோது பழைய சாக்குக்கும் மதிப்பு ஏறியது. பிளாஸ்டிக் பைகளுக்கும் மத்திய அரசு வழிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் பை இந்தக் கதையில் பின்னால் வரும்.

நெல் அரவை ஆலைக்குப் போய் அரிசியாகி, சாக்கு மாறி, 50 கிலோ மூட்டையாகக் கிடங்குக்கு வருகிறது. கிடங்கிலிருந்து ரேஷன் கடை, விடுதி, சத்துணவுக் கூடம். கொக்கி ஓட்டை விழுவது இந்தப் பயணத்தில்தான். ஏற்ற ஒரு குத்து, இறக்க ஒரு குத்து.

மலைக்கு அரிசி ஏறுவது லாரியிலும், லாரி போகாத ஊர்களுக்கு டிராக்டரிலும் தலைச்சுமையிலும். ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு அடுக்கு. உயரம் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டரில் தொடங்கி 1,200க்கு மேல் போகிறது. வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர், பேசுவது தமிழ். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. கீழே நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது வருடம் கழித்துத்தான் மேலே அரசாங்கம் முழுசாக வந்தது என்பதை நினைத்தால், சாலையும் பள்ளியும் ஏன் இத்தனை தாமதம் என்பது விளங்கும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26இல். மலைக்கென்று ஒரு வட்டம் இருக்கிறது, வெள்ளிமலை அதன் தலைமையிடம்.

வீட்டுக்குள் வந்த சாக்கைப் பாருங்கள். மழை பிடித்தால் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் திணித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போவார்கள். பனிக்காலத்தில் ஆட்டுக்குட்டிக்கு விரிப்பு. கடுக்காய் பொறுக்கினால் அதில்தான், சாமை கட்டினால் அதில்தான். வாசலில் காலைத் துடைக்க. கிழிந்தால் கிழிந்த துண்டு அடுப்படியில் பானை இறக்க. கோடையில் சரிவில் புல் பற்றிக்கொண்டால் பச்சைத் தழையோடு ஈரச்சாக்கையும் தூக்கிக்கொண்டு ஓடி அடித்து அணைப்பார்கள். ஆகத் தீயும் சாக்கும் எதிரும் புதிருமாக நிற்பதைப் பெரியவர்கள் பார்த்தே வளர்ந்தவர்கள். வீட்டுக்குள் எரிவாயு சிலிண்டர் வந்த பிறகு அது மறந்துபோன ஒன்றாகிவிட்டது. 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்துக்குப் பிறகு மூன்று கல் அடுப்பு மட்டுமே இருந்த எத்தனையோ வீடுகளுக்குச் சிவப்பு சிலிண்டர் ஏறியது. புகையில்லாமல் சமைக்க முடிவது பெரிய விடுதலை. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சிலிண்டரைக் கொண்டுவந்த வேகத்தில் அதைக் கையாளும் அறிவு வந்ததா என்பதுதான் கேள்வி.

மலை வீட்டில் இது சாதாரணக் கேள்வி இல்லை. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகப் படியும், தாழ்ந்த இடத்தில் தேங்கும். மலைவீட்டுக்கு வாசல் தாழ்வு, குளிருக்குப் பயந்து ஜன்னல் சிறிசு, பல வீட்டில் இல்லவே இல்லை. காற்றில் நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அப்படிப்பட்ட அறைக்குள் எவ்வளவு நேரத்தில் நிறையும்? அதோடு, வீட்டில் இருப்பது யார்? அப்பா அம்மா வேலை தேடி வெளியூர் போயிருக்கும் மாதங்களில் பாட்டியும் பிள்ளைகளும்தான். சோறு பொங்குவது பன்னிரண்டு வயதுப் பெண். அந்த வீட்டில் அவள்தான் பெரியவள். குழந்தைகளுக்குத் தீப் பாதுகாப்பு கற்றுத்தருவது நகரத்தில் நல்ல காரியம். இங்கே அந்த வீட்டின் தலைமைக்கே கற்றுத்தருவது.

சாக்கு பள்ளி முற்றத்துக்கு வந்த வழியில் ஒரு ஊர் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. கும்பகோணம், 2004 ஜூலை 16. காசிராமன் தெருவில் ஸ்ரீகிருஷ்ணா பள்ளி. மேல்தளத்தில் கீற்றுக் கொட்டகை, அதன் கீழே சின்னப் பிள்ளைகள், இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கிளம்பிய நெருப்பு கீற்றைப் பிடித்தது. 94 குழந்தைகள். இந்த எண்ணை எழுதும்போது எந்தத் தமிழ்க் கையும் ஒரு கணம் நிற்கும். அந்தச் சமையலறையிலும் அரிசி வந்து இறங்கிய சாக்குகள் இருந்திருக்கும். பக்கத்தில் தண்ணீரும் இருந்திருக்கும். கூரையைப் பிடித்துவிட்ட தீயைச் சாக்கு அணைத்திருக்காது. கீற்றுக்கொட்டகையின் கீழ் குழந்தைகளை அடைத்து, பக்கத்திலேயே அடுப்பை மூட்டிய குற்றத்தைச் சாக்கின் தலையில் கட்டவும் கூடாது. நான் கேட்பது ஒன்றுதான். முதல் பொறி விழுந்து முதல் கீற்று எரிய ஆரம்பித்த அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாருக்காவது, எப்போதாவது, யாராவது செய்துகாட்டியிருந்தார்களா?

அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கொட்டகைகள் இறங்கின. விசாரணை ஆணையம், வழக்கு, தீர்ப்பு எல்லாம் வந்தன. அந்தத் தீயைச் சுட்டி உச்ச நீதிமன்றத்தில் அவினாஷ் மெஹ்ரோத்ரா தொடுத்த வழக்கில் 2009 ஏப்ரல் 13இல் வந்த தீர்ப்பு, கல்வி பெறும் உரிமைக்குள்ளேயே பாதுகாப்பான பள்ளிக்கூடம் என்ற உரிமையும் அடங்கியிருக்கிறது என்றது. தீயணைப்பான்கள் வைக்க வேண்டும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்றும் சொன்னது. இன்று பல பள்ளிகளில் சுவரில் சிவப்புக் குடுவை ஒன்று தொங்குகிறது. அது தேவைதான். ஆனால் பிள்ளைகள் அதைத் தொடக் கூடாத பொருளாகவே பார்த்து வளர்கிறார்கள். வீட்டில் அது கிடையாது.

தீயணைப்புத் துறை வருடம்தோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடத்துகிறது. 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் சேர்ந்து ஏற்றிய ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்து, அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டதன் நினைவு. நம் ஊரில் அந்த வாரம் பரீட்சை நேரம், சித்திரைப் பிறப்பு விடுமுறை வேறு. எனவே பிள்ளைகளுக்கான செயல்விளக்கம் நிஜத்தில் நடப்பது மற்ற மாதங்களில், குறிப்பாகத் தீபாவளிக்கு முன்பு. இந்த மாவட்டத்துக்கு அதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2021 அக்டோபர் 26, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சங்கராபுரம் கடைத்தெருவில் பட்டாசுக் கடை தீப்பிடித்து உயிர்கள் போயின. மலையிலிருந்து இறங்கினால் வாங்கக் கொள்ளப் போகிற ஊர் அது. அந்தப் பேரைச் சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது.

முற்றத்துக்கு வருவோம். நிலைய அலுவலர் கொஞ்சம் பேசினார். ஊருக்குத் தண்ணீர் வண்டி ஏறிவர எவ்வளவு நேரமாகும் என்று மறைக்காமல் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். "நீங்க 101க்கோ 112க்கோ போன் போட்ட அந்த நிமிஷமே நாங்க கிளம்பிருவோம். ஆனா இந்த வளைவுல இதுக்கு மேல வேகமா வர முடியாது கண்ணு. நாங்க வர்ற வரைக்கும் யாரு?" பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும் மெதுவாக, "நாங்கதான் சார்" என்றான்.

முன்னணித் தீயணைப்பாளர் சிலிண்டரை நடு முற்றத்துக்கு உருட்டி வந்தார். புழுதியை ஒரு பிடி அள்ளி மேலே விட்டு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். "காத்து உங்க முதுகுப் பக்கம் இருக்கணும். முகத்துப் பக்கம் இருந்தா தீ உங்களைத் தேடி வரும்." சிலிண்டரின் ரப்பர் குழாய் முனையில் பற்றவைத்ததும் 'பொஃப்' என்று ஆளுயரத்துக்குச் சுடர் எழுந்தது. முதல் இரண்டு வரிசை எழுந்து பின்னால் ஓடியது. அவர் சிரிக்கவில்லை. "ஓடுனது சரிதான். உங்க வயசுக்கு முதல்ல செய்ய வேண்டியது அதுதான். வெளிய ஓடணும், கத்தணும், பெரியவங்களைக் கூப்பிடணும். அஞ்சாங் கிளாசுக்குள்ள இருக்கறவங்க யாரும் சாக்கைத் தொடவே கூடாது. பெரிய பிள்ளைங்க மட்டும் வாங்க."

பக்கெட்டிலிருந்து சாக்கைத் தூக்கினார். தூக்கும்போதே அவர் தோள் ஒரு பக்கம் இறங்கியது. அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது. இரண்டு மேல்மூலைகளையும் பிடித்து, விரலுக்கு மேலே சாக்கின் ஓரம் மடிந்து விழும்படி கையைச் சுழற்றினார். இப்போது வெளியே விரல் தெரியவில்லை. "இதுதான் முக்கியம். சாக்குக்குப் பின்னாடி உன் விரல் ஒளிஞ்சுக்கணும்." சாக்கைத் திரைபோல முகத்துக்கு நேரே பிடித்து, காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போனார். ஓடவில்லை, எறியவில்லை. தன் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்தினார். சுடர் நின்றது. சாக்கின்மேல் வெள்ளையாக ஆவி கிளம்பியது. கையை எடுக்காமல் ரெகுலேட்டரைத் திருகி மூடினார். அதுவரை முற்றத்தில் யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். சாக்கைத் தூக்க முடியாமல் இரண்டு தரம் தரையில் இழுபட்டது. தீயணைப்பாளர் அவள் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கிட்டே போனதும் வெப்பத்துக்குத் தலையைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய தலையோடே போர்த்தினாள். ஒரு ஓரத்தில் நாக்கு நீட்டிய சுடரை அவர் காட்ட, சாக்கின் மூலையை இழுத்து மூடினாள். அணைந்தது. கைதட்டல் முடிந்தும் அவள் சாக்கைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "விடும்மா, முடிஞ்சுது" என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

நனைந்த சாக்குக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? தீக்குக் காற்று வேண்டும். நெய்த நாரின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து அடைத்துக்கொண்டதால் காற்று உள்ளே போக வழியில்லை. அது பாதி. மீதி, தண்ணீர் வெப்பத்தைக் குடிப்பது. ஒரு கிராம் தண்ணீரைச் சாதாரண சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும்; கொதிக்கும் தண்ணீரை ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். சாக்கில் ஊறிய அத்தனை தண்ணீரும் ஆவியாகிப் போனபிறகுதான் நெருப்பு நாரைத் தொட முடியும். கிளம்பிய ஆவியும் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு விரிந்து காற்றைத் தள்ளிவிடும். அந்தக் கரிந்த ஓட்டை விழுந்த இடம், தண்ணீர் சரியாக ஏறாத இடம்.

எல்லாத் தீக்கும் சாக்கு இல்லை என்பதையும் அன்று சொன்னார்கள். வடை சுடும் எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் சொட்டுகிற துணியைப் போட்டால் எண்ணெய் வெடித்துத் தெறிக்கும். அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டையோ மூடியையோ சரித்து மூட வேண்டும். துணிதான் கையில் இருக்கிறதென்றால் சொட்டுச் சொட்டாத அளவுக்குப் பிழிந்திருக்க வேண்டும். மின்சாரத் தீயில் ஈரமான எதையும் கொண்டுபோகக் கூடாது, முதலில் மெயினை நிறுத்த வேண்டும். வாயு வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேச வேண்டும். உடையில் பற்றினால் ஓடாதே. நில், படு, உருள். ஒன்றாம் வகுப்பு முழுவதும் செம்மண்ணில் உருண்டு காட்டியது. சீருடை என்ன ஆனது என்பது அன்று மாலை அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் தெரிந்திருக்கும். தீக்காயத்தில் மை, பற்பசை, மாவு எதுவும் தடவாமல் இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும் என்றபோது, பின்னால் நின்றிருந்த சமையல் அக்கா ஒருவர் தன் கையிலிருந்த பழைய தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 1951 முதல் ஸ்பார்க்கி என்றொரு புள்ளி நாய்ப் பொம்மை தீயைப் பற்றிச் சொல்லித்தருகிறது. நல்ல ஏற்பாடு, அதன் பேரில் படித்த தலைமுறைகள் உண்டு. இந்த முற்றத்தில் பொம்மை தேவைப்படவில்லை.

பிறகு அந்தத் தீயணைப்பாளர் ஒரு கேள்வி கேட்டார். "யார் வீட்டுலல்லாம் சாக்கு இருக்கு?" எல்லாக் கையும் மேலே. "சணல் சாக்கு யார் வீட்டுல?" பாதிக் கை இறங்கியது. இன்னும் சில கைகள் அக்கம்பக்கம் பார்த்து இறங்கின. அவர் வண்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சாக்கை எடுத்தார். உரம் வந்த சாக்கு. கத்தியால் ஒரு கீற்றுக் கிழித்துக் குறட்டில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். அது நெளிந்தது, சுருண்டது, எரிகிற சொட்டாகத் தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலும் எரிந்துகொண்டிருந்தது. "இதை நனைச்சா தண்ணி நிக்காது, வழிஞ்சுடும். தீ மேல போட்டா உருகிக் கையில ஒட்டிக்கும்." 165 பாகை செல்சியஸ் பக்கம் வந்தாலே உருகுகிற பொருள் அது. கடையில் வாங்கும் அரிசி, உரம், மாட்டுத்தீவனம் எல்லாம் இப்போது இதில்தான். பெயர் மட்டும் மாறவில்லை. அதையும் சாக்கு என்றுதான் சொல்கிறோம். 'ஈரச் சாக்கைப் போடு' என்று வகுப்பில் கற்ற பிள்ளை வீட்டில் வெள்ளைச் சாக்கை நனைத்துப் போட்டால்? இந்த ஒரு சொல்லில் இவ்வளவு ஆபத்து புகுந்திருப்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. சணல் இல்லாவிட்டால் பருத்தி வேட்டி, தடித்த போர்வை, ஜமுக்காளம் எதுவானாலும் முழுக்க நனைத்துப் பயன்படுத்தலாம், நைலான் சேலை மட்டும் கூடாது என்று அவர் முடித்தார்.

மாலையில் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் ஊர்வழியாகத்தான் நான் இறங்க வேண்டியிருந்தது. அவள் வீட்டு வாசலில் பாட்டியோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டுக்குட்டிக்குக் கீழே விரித்திருந்த சணல் சாக்கை அவள் உருவிவிட்டாள். "குட்டி குளிர்ல கெடக்கும்டி" என்கிறாள் கிழவி. "அதுக்கு வைக்கோலு போடறேன் ஆயா, இது அடுப்பாண்ட இருக்கணும்." ஆட்டுப் புழுக்கையை உதறி, கல்லில் அடித்துத் துவைத்து வேலியில் போட்டாள். கிழவிக்குச் சமாதானமாகவில்லை. வைக்கோலை மட்டும் பேசாமல் எடுத்துப் போட்டாள்.

மறுநாள் விடியலிலேயே பள்ளிக்குப் போனேன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபிறகு, பள்ளி அடுப்பு நாளுக்கு இரண்டு முறை மூளுகிறது. காலையில் உப்புமாவோ பொங்கலோ, நண்பகலில் சோறு. தீயணைப்பு வீரர்கள் அந்த ஓட்டைச் சாக்கை விட்டுவிட்டே போயிருந்தார்கள். அது முதலில் வந்ததும் ஏதோ ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்திலிருந்துதான் என்று நிலைய அலுவலர் சொல்லியிருந்தார். பாதி அழிந்த அச்சில் ஆலையின் பெயரில் இரண்டு எழுத்து இன்னும் தெரிந்தது.

பக்கெட்டிலேயே ஊறப்போட்டு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். சமையல் அக்கா சாக்கைப் பிழிந்து, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, கீழே மூடி போட்ட பக்கெட்டில் தண்ணீர் வைத்திருந்தார். "ஊறவே விட்டா பத்து நாள்ல இத்துப்போயிரும் சார். காஞ்சே கெடக்கட்டும், வேணும்னா முக்கி எடுக்க எவ்வளவு நேரம்? தண்ணிய மட்டும் தெனம் மாத்திடறேன், இல்லாட்டி கொசு வந்துரும்." ஆலையிலிருந்து மலைவரை இந்தச் சாக்கைக் கையாண்ட எல்லாரையும்விட அவருக்கு அதைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. உள்ளே அடுப்பில் ரவை வறுபடும் வாசனை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்ற சின்னப் பெண் ஒருத்தி, சாக்கின் கரிந்த ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டுச் சுற்றினாள்.

"கைய எடு பாப்பா" என்றார் அக்கா, கரண்டியைவிட்டுக் கண் எடுக்காமல். "அது அடுப்புக்கு வச்சது."